நானூற்றுப் பன்னிரண்டு பாடல்களும் ஒரு லிங்க்கும்

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் என் நண்பருக்கு, 2023ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இசை நிறுவனம் ஒன்றின் சார்பில் மும்பையிலிருந்து அனுப்பப்பட்ட ஆறு பக்கக் கடிதம் அது. தங்கள் கட்சிக்காரருக்கு உரிமையான 37 ஒலிப்பதிவுகளை அவர் அனுமதியின்றிப் பொதுவெளியில் கிடைக்கச் செய்தார் என்றும், ஏழு நாட்களுக்குள் அவற்றை நீக்கி, எழுத்துமூலம் உறுதிமொழியும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தராவிட்டால் உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை இரண்டும் எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. கடிதத்தை என் மேசையில் வைத்தவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் ஒரு பாட்டைக்கூடத் திருடினதில்லை, எல்லாம் காசு கொடுத்து வாங்கினது" என்பதுதான். அது உண்மை. அந்த உண்மை அவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் தொடர்பான எதையும் மாற்றவில்லை.

நடந்தது

நண்பரின் சேகரிப்பில் 412 பாடல்கள். அவற்றில் 264 பாடல்கள், இருபத்திரண்டு சிடிக்களிலிருந்து 2006 வாக்கில் அவரே கணினியில் ஏற்றிக்கொண்டவை. அந்தச் சிடிக்கள் இன்றும் அவர் அலமாரியில் அட்டையோடு இருக்கின்றன. மீதி 148 பாடல்கள் இணையக் கடைகளில் வாங்கியவை. ஒரு பகுதி, ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் தொடங்கி 2013 ஜூனில் மூடிவிட்ட ஃப்ளைட் என்னும் கடையிலிருந்து வந்தது. எஞ்சியவை, 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் கடையில் வாங்கியவை. இரண்டிலுமே கோப்புக்குப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு கிடையாது. பூட்டு இல்லாததால்தான் கடை மூடிய பிறகும் பாட்டு அவரிடம் நின்றது. பூட்டு இல்லாததால்தான் இந்தக் கதையும் நடந்தது.

முதலில் கேட்டவர் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் இளைஞர். குடும்பத்தோடு காரில் சேலம் போகவிருந்தார். "அண்ணா, ஓசூர் தாண்டினா நெட் விட்டு விட்டு வருது. உங்க கலெக்‌ஷனை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்களேன்" என்றார். நண்பர் 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் 412 பாடல்களையும் ஏற்றிக் கொடுத்தார். ஊரிலிருந்து திரும்பியதும் பென்டிரைவ் திரும்பி வந்தது. பாடல்கள் அந்த இளைஞரின் லேப்டாப்பில் தங்கிவிட்டன.

அடுத்தது குடியிருப்பின் பொங்கல் விழா. பொது அரங்கில் மாலை முழுவதும் நண்பரின் பாடல்கள்தான் ஒலித்தன. விழா முடிந்ததும், அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் பலரும் பாடல்களைக் கேட்கவே, அவர் மொத்தத்தையும் ஒரு கிளவுட் ஃபோல்டரில் ஏற்றி, லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற அமைப்பில் அந்த லிங்க்கைக் குழுவில் போட்டார். குழுவில் 186 பேர். யாரோ ஒருவர் அதைப் பழைய பாடல் ரசிகர்களின் சேனல் ஒன்றுக்கு ஃபார்வர்டு செய்தார். இரண்டு வாரத்தில் கிளவுட் நிறுவனம் ஃபோல்டரை முடக்கியது. அதற்கடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது.

ஆக, சட்டத்தின் கண்ணில் இது ஒரு செயல் அன்று. சிடியிலிருந்து தமக்கே பிரதி எடுத்தது, நண்பருக்குப் பிரதி கொடுத்தது, அரங்கில் ஒலிக்கவிட்டது, லிங்க் பகிர்ந்தது என்று நான்கு செயல்கள். நோட்டீஸ் பேசுவது நான்காவதைப் பற்றி மட்டுமே. ஆனால் மற்ற மூன்றையும் புரிந்துகொள்ளாமல் நான்காவதற்குப் பதில் எழுத முடியாது.

சிடியை வாங்கினோமா, பாட்டை வாங்கினோமா

பேச்சில் நாம் காப்புரிமை என்கிறோம். அந்தச் சொல் கண்டுபிடிப்புக்குத் தரும் உரிமையான பேடண்ட்டையும் குறிப்பதால் இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன். ஒரு திரைப்பாடலில் ஓர் உரிமை இல்லை, குறைந்தது மூன்று இருக்கின்றன. பாடல் வரி இலக்கியப் படைப்பு; மெட்டு இசைப்படைப்பு; அவை பதிவாகி நம் காதில் விழுவது ஒலிப்பதிவு. முதல் இரண்டும் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிப்பவை. ஒலிப்பதிவு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்.

"பாதிப் பாட்டு அறுபது வருஷப் பழசு, அதுக்கெல்லாம் உரிமை போயிருக்குமே" என்று நண்பர் கேட்டது இந்த இடத்தில்தான் உடைகிறது. 1960இல் வெளியான ஒரு ஒலிப்பதிவின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் அதன் வரிகளைக் கண்ணதாசன் எழுதியிருந்தால், அவர் மறைந்தது 1981 என்பதால், வரிகளின் உரிமை 2041 இறுதிவரை உயிரோடிருக்கும். மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது என்றால், அவர் மறைந்தது 2015 என்பதால், கணக்கு 2075 வரை நீளும். தட்டு விடுதலையான பிறகும் பாட்டு விடுதலையாகவில்லை.

சிடியை விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த வட்டத்தகட்டின் மீது முழுச் சொத்துரிமை உண்டு. அதைப் பரிசளிக்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் தரலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பின், ஒருமுறை விற்கப்பட்ட ஒலிப்பதிவுப் பிரதியை மறுபடி விற்பதும் வாடகைக்கு விடுவதும்கூட உரிமையாளரின் கையில் இருப்பதாகச் சட்ட வாசகம் இருந்தது. 2012 திருத்தம், "முன்பு விற்கப்பட்டதா இல்லையா" என்ற பொருள்தரும் அந்தத் தொடரை நீக்கி, வாடகையை வணிக வாடகை என்று சுருக்கியது. காசு வாங்காத இரவல் எந்தக் காலத்திலும் இந்தப் பிடிக்குள் வரவில்லை. சிடி அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரவல் தருவதும் தடை என்று அச்சிட்டிருப்பதை நண்பர் காட்டினார். அட்டையில் அச்சிடுவதால் மட்டும் ஒரு நிறுவனத்துக்குச் சட்டம் தராத உரிமை வந்துவிடாது.

இரவலில் கொடுத்தவர் கை வெறுமையாகிறது. கோப்பில் அப்படி ஆவதில்லை. கொடுத்த பிறகும் கொடுத்தவரிடம் அது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் நடந்தது கொடுப்பது அன்று, இன்னொன்று செய்வது. ஒலிப்பதிவை எந்த ஊடகத்திலும் மின்னணு முறையில் சேமிப்பதுகூட உரிமையாளருக்கு மட்டுமே உரிய செயல் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம், வாங்கிய பாடல் கோப்பை விற்றவர் கணினியிலிருந்து அழித்துவிட்டே வாங்குபவருக்கு அனுப்புகிறோம் என்று வாதாடியது. புதிய இடத்தில் கோப்பு எழுதப்படும்போதே பிரதி பிறந்துவிடுகிறது என்று கூறி, 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் தர்க்கம் நம் 14ஆம் பிரிவின் வாசகத்தோடு அப்படியே பொருந்துகிறது.

தனக்காக எடுத்த பிரதி, நண்பருக்காக எடுத்த பிரதி

சிடியிலிருந்து தமக்கே பிரதி எடுத்தது தவறா? இன்று இல்லை. தனிப்பட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவின் முதல் விலக்கு சொல்கிறது. ஆனால் 2012க்கு முன் அந்த விலக்கு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளை மட்டுமே குறிப்பிட்டது. ஒலிப்பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. 2012 திருத்தம்தான் கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்பும் என்று விரித்தது. எழுத்துக்கு எழுத்துப் படித்தால், 2006இல் தம் சொந்தச் சிடியைத் தம் சொந்தக் கணினியில் ஏற்றிய என் நண்பர் அன்று விலக்குக்கு வெளியே நின்றார். எண்பதுகளில் பாட்டுப் பட்டியலைக் கடையில் கொடுத்து, காலி கேசட்டில் பதிவு செய்து வாங்கிய ஒரு தலைமுறையே அப்படித்தான் நின்றது. அந்தக் கடைக்காரருக்கோ, காசு வாங்கிக்கொண்டு செய்ததால், எந்த விலக்கும் இல்லை. அவர் கடைவாசலில் பெயர்ப்பலகை மாட்டித் தொழில் செய்தார் என்பதை நினைத்தால் இன்று சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

பென்டிரைவ் விஷயம் இதைவிடச் சிக்கலானது. நான் அதிக நேரம் யோசித்ததும் இதைப் பற்றித்தான். விலக்கில் உள்ள சொந்தப் பயன்பாடு யாருடைய பயன்பாடு? கேட்கப்போவது அந்த இளைஞர், பிரதி எடுத்தது என் நண்பர். தம் பயன்பாட்டுக்காக அவர் அதை எடுக்கவில்லை என்பது வெளிப்படை. அந்த இளைஞரே லேப்டாப்பைக் கொண்டுவந்து தமக்காக எடுத்துக்கொண்டிருந்தால் அவர் பக்கம் விலக்கின் வாசகம் கொஞ்சம் நெருங்கி வரும். அப்போதும் நியாயமான என்ற அடைமொழியைத் தாண்டியாக வேண்டும். கேரள உயர்நீதிமன்றம் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கில் நியாயத்தை அளக்க மூன்றைப் பார்த்தது: எடுத்ததன் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், மூலத்தோடு போட்டியிடும் வாய்ப்பு. காரில் கேட்கப் பத்துப் பாடல் என்றால் ஒரு வகை. 412 முழுப் பாடல்கள், நிரந்தரமாக, வாங்குவதற்குப் பதிலாகவே என்றால் மூன்று அளவுகோலிலும் சாய்கிறது. என் முடிவு, பென்டிரைவ் பிரதி விலக்குக்குள் அடங்காது என்பதே. அதற்காக ஒரு நிறுவனம் வழக்குப் போடுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்.

தனிப்பட்ட பயன்பாடு என்ற குடையை வணிகர்களும் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். டிப்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் விங்க் மியூசிக் என்ற பாட்டுச் செயலிக்கும் இடையிலான வழக்கில், வாடிக்கையாளர்கள் செயலியில் பாடலை இறக்கி வைத்துக்கொள்வது அவர்களின் சொந்தப் பயன்பாடுதான் என்று விங்க் வாதிட்டது. பிறர் இறக்கிக்கொள்ள வசதி செய்து காசு வாங்கும் நிறுவனம் அந்தக் குடைக்குள் வர முடியாது என்று 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி கூறினார். 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் விங்க்கின் மேல்முறையீட்டைத் தள்ளியது. கேட்பவரின் சொந்தப் பயன்பாட்டைக் கொடுப்பவர் தம் கேடயமாக ஏந்த முடியாது என்ற கருத்தை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அரங்கு

இதில் அதிகம் சொல்ல இல்லை. குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கான மூடிய அறையிலோ கூடத்திலோ, அவர்களுக்கான வசதியின் பகுதியாக ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவதற்கு 52ஆம் பிரிவிலேயே தனி விலக்கு உண்டு. ஓட்டலுக்கு அது பொருந்தாது. பொங்கல் விழா அதற்குள் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். புல்வெளியில் பெட்டி வைத்து, வெளியாருக்கு டிக்கெட் போட்டிருந்தால் இந்தப் பத்தி நீண்டிருக்கும்.

லிங்க்

நண்பரின் வாதம் மூன்று. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தவர்கள், பொதுமக்கள் அல்லர். ஒன்பது பேர்தான் இறக்கினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

ஒலிப்பதிவைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உரிய செயல். அதற்குச் சட்டம் தரும் வரையறை, அவரவர் தேர்ந்தெடுத்த இடத்திலும் நேரத்திலும் கிடைக்கும்படி வைப்பதையும், எவரேனும் உண்மையில் கேட்டாரா என்பதைப் பொருட்படுத்தாமல், உள்ளடக்குகிறது. ஆகவே ஒன்பது பேர் என்ற கணக்கு அடிபட்டுப்போகிறது. எவரும் இறக்காமல் இருந்திருந்தாலும் கிடைக்கச் செய்த செயல் முடிந்துவிட்டது. 186 பேர் பொதுமக்களா என்பதற்கு, பம்பாய் உயர்நீதிமன்றம் 1989இல் கர்வாரே பிளாஸ்டிக்ஸ் வழக்கில் சொன்னது இன்றும் பொருந்தும். கேபிள் வழியே வீடுகளுக்குப் படம் அனுப்பியவர்கள், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குள் தனியாகப் பார்க்கிறது, இது பொதுக் காட்சி ஆகாது என்றார்கள். பார்க்கும் இடம் வீடா என்று பார்க்கக்கூடாது, பார்ப்பவர்கள் உரிமையாளருக்கு எந்த வகையில் தொடர்புடையவர்கள், அவர் காசு பெற்றிருக்கக்கூடிய பார்வையாளர்களா என்று பார்க்க வேண்டும் என்ற போக்கில் நீதிமன்றம் அதை மறுத்தது. பின்னர் சட்ட விளக்கத்திலேயே, ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றால் அது பொதுமக்களுக்கே என்று எழுதப்பட்டது. குழுவில் எல்லோரும் தெரிந்த முகம் என்பது நட்புக்குச் சான்று. சட்டத்தில் நண்பர் என்ற சொல்லுக்கு வரையறையே கிடையாது. போதாக்குறைக்கு, லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற அமைப்பை அவரே தேர்ந்தெடுத்திருந்தார்; ஃபார்வர்டு செய்தது இன்னொருவர் என்றாலும் கதவைத் திறந்து வைத்தது அவர்தான்.

காசு வாங்கவில்லை என்ற வாதம்தான் நம் ஊரில் எல்லோரும் முதலில் எடுப்பது. மீறல் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அதில் எந்த விடையும் இல்லை. பிரதிகளை விநியோகிப்பதைப் பற்றிப் பேசும் 51ஆம் பிரிவு, வணிகத்துக்காக என்பதோடு நிற்காமல், உரிமையாளருக்குக் கேடு விளையும் அளவுக்கு என்பதையும் சேர்த்திருக்கிறது. காசு வாங்காதது வேலை செய்யும் இடம் தண்டனை. 63ஆம் பிரிவின்படி அறிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழில் ஆதாயத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால், தனிச்சிறப்பான காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே இறங்கலாம். 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை உரிமையாகக் கிடைக்காதது என்று தீர்த்தது. நோட்டீஸில் அந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நண்பர் இரண்டு இரவு தூங்கவில்லை.

அவர் மகன் வேறு, 24 பாடல்களைப் பகிர்ந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்கு 2,22,000 டாலர் விதிக்கப்பட்ட செய்தியை அனுப்பியிருந்தார். செய்தி உண்மைதான்; ஆனால் அங்கே ஒரு படைப்புக்கு இவ்வளவு என்று சட்டமே தொகை வரம்பு வைத்திருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி இல்லை. 55ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்பவர் இழப்பைக் காட்ட வேண்டும். ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆறு பக்கத்திலும் கணக்கு இல்லை.

நிறுவனம் அவரை எப்படிக் கண்டுபிடித்தது என்பது அவருக்குப் புதிராக இருந்தது. ஐடியூன்ஸில் வாங்கிய ஒரு பாடலை என் கணினியில் திறந்து, அதன் விவரப் பக்கத்தைக் காட்டினேன். கலைஞர் பெயர், ஆல்பம், ஆண்டு. அதற்குக் கீழே வாங்கியவர் என்ற இடத்தில் அவர் முழுப் பெயர், அடுத்த வரியில் மின்னஞ்சல் முகவரி. பத்தாண்டுகளாக அந்தப் பாட்டைக் கேட்டவர் அந்தப் பக்கத்தை அன்றுதான் பார்த்தார். எல்லாக் கோப்பிலிருந்தும் பெயரை அழித்துவிடு என்று குழுவில் ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். கோப்பில் உள்ள உரிமைத் தகவலை, அதாவது படைப்பையும் அதன் உரிமையாளரையும் காட்டும் குறிப்பை, அழிப்பது 65பி பிரிவின்கீழ் குற்றம். ஆனால் அந்தத் தகவலுக்கான வரையறை, பயனரை அடையாளம் காட்டும் ஏற்பாட்டை வெளியே விட்டிருக்கிறது. ஆகவே வாங்கியவர் பெயரை நீக்குவது மட்டும் அந்தக் குற்றம் ஆகாது என்று வாதிடலாம். ஆயினும் நோட்டீஸ் வந்த பிறகு அதில் கை வைத்தால், நீதிமன்றத்தில் சான்றை அழித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். எதையும் தொட வேண்டாம் என்றேன்.

பதில்

ஆறாம் நாள் பதில் அனுப்பினோம். லிங்க் பகிர்ந்ததை ஒப்புக்கொண்டோம். மறுத்திருந்தால் கோப்பில் இருந்த பெயரே பேசியிருக்கும். ஆதாயம் இல்லை, ஃபோல்டர் முடங்கிவிட்டது, இனி இவ்வாறு செய்வதில்லை என்று உறுதிமொழி தந்தோம். 37 பாடல்களுக்கும் நிறுவனத்தின் உரிமை எந்த ஒப்பந்தத்தால் வந்தது என்று கேட்டோம். அட்டைகளில் 52ஏ பிரிவு கோரும் உரிமையாளர் பெயர், நான்கு பாடல்களுக்கு வேறாக இருந்தது. ஐந்து லட்சத்துக்குக் கணக்குக் கேட்டோம். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 60ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்கலாமே என்று நண்பரின் மைத்துனர் துள்ளினார். நம் பக்கம் மீறல் இருக்கும்போது அந்தப் பிரிவைத் தூக்குவது வீண் என்று அவரை உட்காரவைத்தேன்.

இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் 33 பாடல்களுக்கு ஒரு சிறு தொகையும் உறுதிமொழியுமாக விஷயம் முடிந்தது. தொகையை வெளியிடுவதில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் அதை எழுதவில்லை. ஐந்து லட்சத்துக்கும் அதற்கும் இடையே வெகுதூரம் என்று மட்டும் சொல்லலாம். அலுவலக இளைஞர், யாரும் கேட்காமலேயே லேப்டாப்பில் இருந்ததை நீக்கிவிட்டதாகச் சொன்னார்.

குடியிருப்பின் சங்க அறையில் பழைய வார இதழ்களும் நாவல்களும் அடுக்கிய ஓர் அலமாரி உண்டு. இப்போது அதன் கீழ்த்தட்டில் நண்பரின் இருபத்திரண்டு சிடிக்களும் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், எடுத்தவர், தேதி, திரும்பியது என்று மூன்று கட்டம் போட்டு. இதுவரை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். இருவர் வீட்டிலும் சிடி பிளேயர் இல்லாததால் நண்பர் தம்முடையதையும் சேர்த்தே கொடுத்தனுப்பியிருக்கிறார். நோட்டில் அதற்கும் தனியாக ஒரு வரி இருக்கிறது.